ரேம் வாங்கப் புறப்படும் முன் மதர்போர்டைப் படியுங்கள்

வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் ஏறினால் மண்ணடி, உயர் நீதிமன்றம், சென்ட்ரல் ஆகியவற்றைக் கடந்து நான்காவதாக வரும் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தாலே கணினிப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெரு வந்துவிடும். 2021-ல் பாதை விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, திருவொற்றியூர்க்காரர்களுக்கும் தண்டையார்பேட்டைக்காரர்களுக்கும் வண்டி மாறாமலே போய்வரும் வசதி கிடைத்துவிட்டது. கடைத்தெரு இவ்வளவு அருகில் இருப்பதால், கணினி மெதுவாகிவிட்டது என்று தோன்றிய அன்றே ரேம் (கணினி ஓடும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகப் பட்டை) வாங்க, எந்த விவரத்தையும் எடுத்துக்கொள்ளாமல், கடையில் கேட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் பலர் கிளம்பிவிடுகிறார்கள். கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி "எந்த போர்டு?" என்பதுதான், அதாவது கணினியின் பாகங்கள் எல்லாம் பொருந்தும் தாய்ப்பலகையான மதர்போர்டு எது என்பது. அதற்கு விடை தெரியாதவரிடம் கடையில் எது கையிருப்பில் இருக்கிறதோ அதுவே விற்கப்படும். அது அவருடைய கணினியில் வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம்.

தண்டையார்பேட்டையில் மாலை நேரக் கணினி வகுப்பு ஒன்றின் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அங்கே படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் பொருந்தாத ரேமை வாங்கிக்கொண்டு வந்து நிற்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஒரு மாத வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் பயன்படாமல் போவதைப் பார்ப்பது எளிதன்று. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கட்டுரை மேசைக் கணினிக்கு மட்டுமானது. புதிதாகத் தொடங்குபவர் மனத்தில் கொள்ள வேண்டிய அடிப்படை ஒன்றுதான்: எந்த ரேம் பொருந்தும் என்பதை முடிவு செய்வது மதர்போர்டும் அதில் அமர்ந்திருக்கும் மையச் சில்லான ப்ராசஸரும், ரேமின் விலையோ, அதன் மேல் ஒளிரும் விளக்குகளோ, கடைக்காரரின் உறுதிமொழியோ அன்று.

சீட்டு எழுதுவது

முதல் வேலையாக அரைத்தாள் ஒன்றை எடுத்து, ஐந்து விவரங்களை எழுதுங்கள்: மதர்போர்டின் முழுப்பெயர், ப்ராசஸரின் முழுப்பெயர், ரேமைச் செருகும் மொத்த ஸ்லாட்டுகளும் அவற்றில் காலியாக இருப்பவையும், இப்போது செருகியிருக்கும் ரேமின் ஒட்டுச்சீட்டில் உள்ள வரி, மதர்போர்டு ஏற்கும் அதிகபட்சக் கொள்ளளவு. முதல் நான்கும் கணினியிலேயே இருக்கின்றன. ஐந்தாவதை மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், பேஸ்போர்டு ப்ராடக்ட் என்ற வரியில் மதர்போர்டின் பெயரும் அதே பக்கத்தில் ப்ராசஸரின் பெயரும் தெரியும். அதன் பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தேர்ந்தால், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்பதையும் ரேம் இப்போது ஓடும் வேகத்தையும் காணலாம். ஆனால் திரையில் தெரிவதை மட்டும் நம்பாமல் கணினிப் பெட்டியான கேபினட்டைத் திறந்து ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. மதர்போர்டின் பெயர் பெரும்பாலும் ப்ராசஸருக்கும் விரிவாக்க அட்டைகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். சில நிறுவனங்கள் ஓரத்தில் ரிவிஷன் எண்ணையும் அச்சிடுகின்றன. ஒரே பெயரில் ரிவிஷன் 1.0, 2.0 என்று இரண்டு வந்திருந்தால், அவை ஏற்கும் ரேம் வேறுபடக்கூடும் என்பதால் அந்த எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயரின் கடைசி எழுத்து வரை எழுத வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் அமரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டில், டிடிஆர்4 என்ற ரேம் தலைமுறையை ஏற்கும் மதர்போர்டும் உண்டு, அதற்கு அடுத்த டிடிஆர்5-ஐ ஏற்கும் மதர்போர்டும் உண்டு. எச்610, பி660, பி760 ஆகிய சிப்செட்டுகளில் (மதர்போர்டின் வகையைச் சொல்லும் துணைச் சில்லுகள்) பெயர் முழுவதும் ஒன்றாக இருந்து, இறுதியில் வரும் டி4 என்ற இரண்டு எழுத்து மட்டுமே வேறுபாட்டைச் சொல்லும் பலகைகள் விற்பனையில் இருக்கின்றன. "பி760 போர்டு" என்று மட்டும் கடையில் சொன்னால் சரியான ரேம் கிடைப்பது பாதிக்குப் பாதி வாய்ப்புதான்.

தலைமுறை பொருந்த வேண்டும்

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை மூன்று தலைமுறைகள். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று அமராது. அமராமல் இருப்பதற்காகவே ரேமின் அடி விளிம்பில் உள்ள சிறு வெட்டு ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மேசைக் கணினிக்கான டிடிஆர்3-இல் 240 தொடுமுனைகளும், டிடிஆர்4-இலும் டிடிஆர்5-இலும் 288 தொடுமுனைகளும் உள்ளன. பிந்தைய இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால், பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றுவதை நம்பி அழுத்தக் கூடாது. டிடிஆர்4 பட்டையின் விளிம்பு நேராக இல்லாமல் நடுவில் சற்றே புடைத்திருக்கும். டிடிஆர்3-இன் விளிம்பு நேர்கோடாக இருக்கும். ஒட்டுச்சீட்டு கிழிந்துபோன பழைய பட்டையை அடையாளம் காண இது எனக்கு உதவியிருக்கிறது.

மின்னழுத்தமும் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து வந்திருக்கிறது: டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1. டிடிஆர்3-இல் மட்டும் ஓர் உட்பிரிவைக் கவனிக்க வேண்டும். டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட்டில் ஓடக்கூடியது, 1.5 வோல்ட் தரும் பழைய பலகையிலும் ஓடும். ஆனால் இன்டெலின் 6-ஆம் தலைமுறைக்காக வந்த சில பலகைகள் டிடிஆர்3எல்-ஐ மட்டுமே ஏற்பவை. அவற்றில் சாதாரண 1.5 வோல்ட் டிடிஆர்3-ஐச் செருகக் கூடாது.

ப்ராசஸரின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு இன்னும் எளிது. ப்ராசஸர் செய்யும் மற்றொரு நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் என்றால் டிடிஆர்4 மட்டுமே. 2022-ல் வந்த ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டுமே. இன்டெலில் 2 முதல் 4-ஆம் தலைமுறை வரை டிடிஆர்3. 8 முதல் 11 வரை டிடிஆர்4. 2024-ல் வந்த எல்ஜிஏ1851 சாக்கெட்டில் டிடிஆர்5 மட்டும். இடையில் 6, 7-ஆம் தலைமுறைகளிலும், மேலே சொன்ன 12 முதல் 14 வரையிலும் மதர்போர்டைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

தலைமுறையோடு வடிவத்தையும் பாருங்கள். மேசைக் கணினியின் ரேம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளமுள்ளது. மடிக்கணினியின் ரேம் அதில் பாதிதான் இருக்கும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் பழுதானவை எங்கள் பகுதியில் பல வீடுகளில் கிடக்கின்றன. அதிலுள்ள ரேமைக் கழற்றி அண்ணனின் மேசைக் கணினியில் போடலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். முடியாது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு: அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்டுப் பழைய பொருள் விலைக்கு வரும் புத்தகம் அளவிலான குட்டிக் கணினிகள், மேசையில் வைக்கப்படுபவையாக இருந்தாலும், பெரும்பாலும் மடிக்கணினி ரேமையே பயன்படுத்துகின்றன. டாஸ்க் மேனேஜரில் ஃபார்ம் ஃபாக்டர் என்ற வரியில் டிம் என்று இருந்தால் நீளமானது, சோடிம் என்று இருந்தால் குட்டையானது.

ஒட்டுச்சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடந்திருக்கின்றன. சாதாரணமான ஒரு டிடிஆர்4 பட்டையின் ஒட்டுச்சீட்டில் "8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-யுஏ2-11" என்பதைப் போன்ற ஒரு வரி ஆங்கில எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். 8ஜிபி என்பது கொள்ளளவு. பிசி4 என்பது நான்காம் தலைமுறை. 3200 என்பது வேகம். சில பட்டைகளில் அதே இடத்தில் 25600 என்று இருக்கும். அது நொடிக்கு எத்தனை மெகாபைட் என்ற கணக்கு, 8-ஆல் வகுத்தால் 3200 வந்துவிடும். அதைப்போலவே 21300 என்பது 2666-ஐயும், டிடிஆர்3-இல் 12800 என்பது 1600-ஐயும் குறிக்கும்.

அடுத்து வரும் "யு" என்ற ஒற்றை எழுத்துதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும் எழுத்து. யு என்றால் சாதாரண மேசைக் கணினிக்கானது. எஸ் என்றால் மடிக்கணினிக்கானது. ஆர் அல்லது எல் என்றால் நிறுவனங்களில் ஓடும் பெரிய கணினியான சர்வருக்கானது. அது ப்ராசஸருக்கும் நினைவகச் சில்லுகளுக்கும் இடையே தனியாக ஒரு ரெஜிஸ்டர் சில்லு வைத்துச் செய்யப்பட்டது. டிடிஆர்4-இல் சர்வர் ரேமின் வெட்டும் மேசைக் கணினி ரேமின் வெட்டும் ஒரே இடத்தில் இருப்பதால், அது ஸ்லாட்டில் மிக அழகாக அமர்ந்துகொள்ளும். ஆனால் கணினி எழாது.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். வகுப்பில் இருந்த இரண்டு கணினிகளுக்காக, பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் 16 ஜிபி டிடிஆர்4 பட்டைகள் வழக்கமான விலையில் ஏறக்குறைய பாதிக்குக் கிடைத்தன. எழுத்தைப் படிக்கத் தெரிந்திருந்தும், விலையைப் பார்த்த மகிழ்ச்சியில் திருப்பிப் பார்க்காமல் விட்டுவிட்டேன். "டிடிஆர் ஃபோர்தானே அண்ணா, எல்லா போர்டுலயும் போவும்" என்றார் கடையில் இருந்த தம்பி. வகுப்புக்கு வந்து பொருத்தினேன். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. அதன் பிறகுதான் ஒட்டுச்சீட்டில் 2ஆர்எக்ஸ்4 என்பதையும் அதன் பின்னால் ஆர் என்ற எழுத்தையும் பார்த்தேன். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து, விலை குறைவாக இருக்கும் பட்டையை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்கிறேன்.

ஒட்டுச்சீட்டே இல்லாவிட்டால் சில்லுகளை எண்ணுங்கள். சாதாரண ரேமில் ஒரு பக்கத்தில் எட்டோ நான்கோ இருக்கும். ஒன்பது இருந்தால் அது பிழை திருத்தும் இசிசி வகை. நடுவில் மற்றவற்றிலிருந்து வேறுபட்ட வடிவில் ஒரு சில்லு தனியாக இருந்தால் டிடிஆர்4 வரையில் அது சர்வர் ரேமாக இருக்க வாய்ப்பு மிகுதி. டிடிஆர்5-க்கு இந்த அடையாளம் உதவாது, ஏனென்றால் அதில் மின்னழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் சில்லு சாதாரணப் பட்டையிலேயே நடுவில் இடம்பெற்றிருக்கிறது. சர்வர் ரேம் மேசைக் கணினியில் ஓடுவதாகக் காட்டும் காணொளிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் இருப்பது சர்வருக்கான ஜியான் ப்ராசஸரோடு சேர்த்து விற்கப்படும் எக்ஸ்99 பலகை. அது சர்வர் ரேமை ஏற்கும், நம் வீட்டு எச்310-ம் பி450-ம் ஏற்காது.

1ஆர்எக்ஸ்8 என்ற பகுதியில் முதல் எண் ரேங்க் எனப்படும் அடுக்கையும், கடைசி எண் ஒவ்வொரு சில்லின் அகலத்தையும் சொல்கின்றன. எக்ஸ்8 என்று இருப்பது பொதுவாகச் சிக்கல் தராது. எக்ஸ்16 என்று இருந்தால் நான்கே சில்லுகளில் முழுக் கொள்ளளவும் அடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அது வேலை செய்யும், ஆனால் செயல்திறன் சற்றுக் குறையும். டிடிஆர்5-இல் 8 ஜிபி பட்டைகள் பெரும்பாலும் இந்த வகையே என்பதால், டிடிஆர்5 வாங்குபவர் 16 ஜிபி பட்டையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. எக்ஸ்4 என்று இருந்தால் தொடவே வேண்டாம்: டிடிஆர்4-இல் அது சர்வருக்குரியது; டிடிஆர்3-இல் "ஏஎம்டிக்கு மட்டும்" என்ற குறிப்போடு மலிவாக விற்கப்படும் பட்டைகள் இந்த வகையைச் சேர்ந்தவை, அவை இன்டெல் பலகைகளில் ஓடுவதில்லை.

வேகம் பற்றி

வேகத்தைப் பற்றிக் கடைத்தெருவில் அதிகம் பேசப்படுகிறது. பொருத்தம் என்ற கோணத்தில் பார்த்தால் அது அவ்வளவு அச்சப்பட வேண்டிய விஷயமன்று. ஒரே தலைமுறையில் வேகமான ரேமை மெதுவான பலகையில் செருகினால் அது பலகையின் வேகத்துக்கு இறங்கி ஓடும். எடுத்துக்காட்டாக, எச்410 பலகையில் ஐ3-10100 ப்ராசஸர் இருந்தால், 3200 என்று எழுதப்பட்ட ரேம் 2666-இல் ஓடும். கெடுதல் ஏதும் இல்லை. இரண்டு வெவ்வேறு வேகமுள்ள பட்டைகளைச் சேர்த்துப் போட்டால், இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும்.

பெட்டியின் மேல் பெரிதாக 3600 என்றோ 6000 என்றோ எழுதியிருந்தால், அது பெரும்பாலும் பலகையின் பயாஸில் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை நாமே இயக்கினால் மட்டும் கிடைக்கும் வேகம். இயக்காவிட்டால் அது அடிப்படை வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். இன்டெலின் எச் வரிசைச் சிப்செட்டுகள் ப்ராசஸருக்கு நிர்ணயிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் ரேமை ஓட்ட விடுவதில்லை என்பதால், எச்510 வைத்திருப்பவர் 3600-க்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயனில்லை. வேகத்தை சிபியு-இசட் மென்பொருளில் பார்ப்பவர்கள், 3200 இருக்க வேண்டிய இடத்தில் 1600 என்று தெரிவதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ணக் கூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் இருமுறை தரவு பரிமாறப்படுவதால் அந்த மென்பொருள் பாதி எண்ணைக் காட்டுகிறது.

கேட்ட தரவைத் தரத் தொடங்க ரேம் எத்தனை துடிப்புகள் எடுக்கிறது என்பதைச் சொல்லும் சிஎல் என்ற தாமத எண்ணையும், வேகத்தோடு சேர்க்காமல் தனியாகப் பார்த்துப் பயனில்லை. 3200 வேகத்தில் சிஎல்16 என்றால் 10 நானோ வினாடி. 6000 வேகத்தில் சிஎல்30 என்றாலும் அதே 10 நானோ வினாடிதான்.

எத்தனை ஜிபி, எத்தனை பட்டை

விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம் 4 ஜிபி. அந்த அளவில் அதைப் பயன்படுத்துவது பொறுமையைச் சோதிக்கும். எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் பில் போடும் கணினிக்கு 8 ஜிபி போதும். பாடக் காணொளி, உலாவி, நிரல் எழுதும் மென்பொருள் ஆகியவற்றை ஒருசேரத் திறந்து வைக்கும் மாணவருக்கும், மின்ட் பகுதியில் அழைப்பிதழ் வடிவமைக்கும் அச்சகத்துக்கும் 16 ஜிபி வேண்டும். 32-பிட் விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படாது. முதலில் அதை 64-பிட்டுக்கு மாற்றுங்கள்.

மொத்தக் கொள்ளளவை முடிவு செய்த பிறகு, அதை இரண்டு சமமான பட்டைகளாக வாங்குவதே சிறந்தது. ஒரே 16-ஐ விட இரண்டு 8 சேர்ந்தால் இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் தரவு செல்லும். தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ப்ராசஸரிலேயே கிராஃபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி போன்றவற்றில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் காணலாம், ஏனென்றால் அங்கே படக்காட்சிக்கும் இதே ரேம்தான் பயன்படுகிறது. இப்போது 4 இருக்கும் இடத்தில் 8 ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் ஓடும்; முதல் 8 ஜிபி இரட்டை வழியிலும் எஞ்சிய 4 ஒற்றை வழியிலும் இயங்கும். பாகங்கள் வாங்கிப் புதிதாகக் கணினி அமைப்பவர் இப்படிக் கலப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியவருக்கு இது தவறன்று.

நான்கு ஸ்லாட் இருக்கிறது என்பதற்காக நான்கையும் நிரப்ப வேண்டியதில்லை. டிடிஆர்5-இல் அது வேகத்தை வெகுவாகக் குறைக்கும்: ரைசன் 7000 வரிசையில் இரண்டு பட்டைக்கு 5200 என்று நிர்ணயிக்கப்பட்ட வேகம், நான்கு பட்டை போட்டால் 3600-க்கு இறங்கிவிடுகிறது. 24, 48 ஜிபி கொண்ட டிடிஆர்5 பட்டைகளை வாங்குவதானால், அவற்றை ஏற்கும் பயாஸ் பதிப்பு உங்கள் பலகையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

பழைய பலகை வைத்திருப்பவர்களுக்கு

எங்கள் பகுதியில் எச்61, எச்81 பலகைகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. இவற்றில் பொதுவாக இரண்டு ஸ்லாட்டுகளும், மொத்தம் 16 ஜிபி என்ற எல்லையும் உண்டு. ஆகவே ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிக்கு மேல் ஏற்காது. எச்61-இல் 2-ஆம் தலைமுறை ப்ராசஸர் இருந்தால் ரேம் 1333-இல் ஓடும். 3-ஆம் தலைமுறையில் 1600 கிடைக்கும். இந்தப் பலகைகளுக்கு 8 ஜிபி பட்டை வாங்கும்போது இருபுறமும் எட்டெட்டு, மொத்தம் பதினாறு சில்லுகள் உள்ள 2ஆர்எக்ஸ்8 வகையைத் தேடுங்கள். எட்டே சில்லில் 8 ஜிபி அடைத்த டிடிஆர்3 பட்டைகளை இந்தப் பலகைகள் அடையாளம் காணாமல் போகலாம்.

இவற்றுக்கு அதிகம் செலவு செய்யாதீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை முறைப்படி ஏற்பதில்லை. எனவே நன்கு சோதித்த பழைய 4 ஜிபி பட்டை இரண்டை வாங்கிப் போட்டு, லினக்ஸ் நிறுவிக்கொண்டால், பள்ளிப் பாடத்துக்கும் தட்டச்சுக்கும் அந்தக் கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

கடையில் நிற்கும்போது

சீட்டில் ஐந்தாவதாக எழுத வேண்டிய விவரத்துக்காக மதர்போர்டு நிறுவனத்தின் தளத்துக்குப் போகும்போதே, அங்கே மெமரி க்யூவிஎல் என்ற பட்டியல் இருக்கும். நிறுவனம் தானே சோதித்துப் பார்த்த ரேம்களின் எண்கள் அதில் உள்ளன. அதில் இல்லாத ரேம் ஓடாது என்று பொருளில்லை. டிடிஆர்4 வரையில் நான் அந்தப் பட்டியலுக்குப் பெரிய முக்கியத்துவம் தந்ததில்லை. டிடிஆர்5-இல், அதுவும் 6000-க்கு மேற்பட்ட வேகத்தில், பட்டியலில் உள்ளதையே வாங்குங்கள்.

ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 2025-ன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், நேற்று நண்பர் சொன்ன விலை இன்று இருக்காது. பட்டையைக் கையில் வாங்கி, சீட்டில் எழுதிய வரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வரிசை எண் குறித்த ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பல நிறுவனங்கள் ரேமுக்கு நீண்ட கால உத்தரவாதம் தருகின்றன, பில் இல்லாவிட்டால் அந்த உத்தரவாதத்தைக் கேட்டுப் பெறுவது கடினம். பழைய பட்டை வாங்குவதானால், கடையிலேயே ஒரு பலகையில் போட்டு டிஸ்ப்ளே வருவதைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பொருத்துவது

மின் இணைப்பின் ப்ளக்கையே கழற்றிவிட்டு, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் மிச்சமிருக்கும் மின்சாரம் வெளியேறிவிடும். கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இரண்டு பட்டையை நான்கு ஸ்லாட்டில் போடுவதானால், ப்ராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவது பெரும்பாலான பலகைகளில் சரியான முறை. பலகையில் ஏ2, பி2 என்று அச்சிடப்பட்டிருக்கும். வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக வருகின்றனவா என்று பார்த்து, பட்டையின் இரு முனைகளிலும் கட்டைவிரல்களை வைத்துச் சமமாக அழுத்தினால், "டக்" என்ற ஒலியோடு கொக்கி தானாக மூடிக்கொள்ளும். சில பலகைகளில் கொக்கி ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அங்கே கொக்கி இல்லாத முனை முழுவதும் இறங்கிவிட்டதா என்று குனிந்து பாருங்கள்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரத் தெருக்களில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். உப்புக் காற்றும் ஈரமும் தூசியும் சேர்ந்து தொடுமுனைகளில் மெல்லிய படலமாகப் படிகின்றன. ரேம் கெட்டுவிட்டது என்று என்னிடம் வந்தவற்றில் பல, வெறும் துடைப்பிலேயே உயிர் பெற்றிருக்கின்றன. புதிய ரேம் வாங்கும் முன் பழையதைக் கழற்றி, தொடுமுனைகளை மென்மையான வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள்களைத் தூரிகையால் தட்டிவிட்டு மீண்டும் செருகிப் பாருங்கள். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளே படியும். வெள்ளநீர் ஏறிய பலகை என்றால், ஸ்லாட்டுக்குள் பச்சை நிறத் துரு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் அந்தப் பலகைக்குப் புதிய ரேம் வாங்கிச் செலவு செய்ய வேண்டாம்.

முதல் முறை இயக்கும்போது டிடிஆர்5 கணினியில் சில நிமிடங்கள் வரை திரை கறுப்பாகவே இருக்கலாம். பலகை ரேமுக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது, பதறி அணைத்துவிடாதீர்கள். டிடிஆர்3, டிடிஆர்4-இல் நீண்ட நேரம் டிஸ்ப்ளே வராவிட்டால், ஒரே ஒரு பட்டையை மட்டும் போட்டு ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பிறகு அடுத்த பட்டையை அவ்வாறே சோதியுங்கள். ஒரு பட்டை எந்த ஸ்லாட்டிலும் எழவில்லை என்றால் குறை பட்டையில். ஒரு ஸ்லாட்டில் எந்தப் பட்டையும் எழவில்லை என்றால் குறை பலகையில். இரண்டிலும் தெளிவு கிடைக்காவிட்டால், பலகையில் உள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்து மீண்டும் போட்டுப் பார்க்கலாம்.

டிஸ்ப்ளே வந்துவிட்டது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். முழுக் கொள்ளளவும் தெரிகிறதா, வேகம் எதிர்பார்த்தபடி இருக்கிறதா, சிபியு-இசட்டின் எஸ்பிடி பகுதியில் தெரியும் நிறுவனப் பெயரும் கொள்ளளவும் ஒட்டுச்சீட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மாறுபட்டால் மேலே ஒட்டிய சீட்டு போலி என்று பொருள். அன்று இரவே ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை இயக்கி, அது செய்யும் நான்கு சுற்றுகளையும் முடிய விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும், எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். அப்போதும் பிழை வந்தால், மாற்றித் தருவதாகச் சொன்ன நாள் முடிவதற்குள் பட்டையையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பிழை ஏதும் வராவிட்டால், நீங்கள் எழுதிய சீட்டின் கீழே புதிய ரேமின் வரியையும் வாங்கிய தேதியையும் சேர்த்து எழுதி, கேபினட்டின் பக்கக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டுத் திருகாணிகளை முடுக்குங்கள்.